கொடைக்கானலில் ஒரு தனியாள் பேஸ்பால் லீக்: பாதி சீசன் பட்டியல் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

அட்டையும் பகடையும் வைத்து மேசையில் ஒரே ஆள் ஆடும் இந்தப் பேஸ்பால் லீக்கை நடத்துபவர் கொடைக்கானல் ஆனந்தகிரிப் பக்கம் ஒரு சின்ன தங்கும் விடுதியைப் பார்த்துக்கொள்கிறவர், ஐம்பதைத் தாண்டியவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் இங்கே ‘அவர்’ மட்டும்தான். இதில் வரும் இன்னொருவர் அவருடைய அக்கா மகள், மதுரையில் புள்ளியியல் படிக்கிறவள். எனக்கும் இந்த மாதிரி மேசை விளையாட்டுகளில் பைத்தியம் உண்டு என்பதால் நோட்டுகளைப் பார்க்கவும், நடந்ததை எழுதி வைக்கவும் என்னைக் கூப்பிட்டார்கள்.

தமிழ்நாட்டு மலையூரில் பேஸ்பாலா என்று கேட்பவர்களுக்கு: 1845-ல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியவர்களே அமெரிக்க மிஷனரிகள்தான், தங்கள் பிள்ளைகளுக்காக அவர்கள் 1901-ல் தொடங்கிய பள்ளி இன்னும் நடக்கிறது. ஊரைவிட்டுக் கிளம்பும் வெளிநாட்டுக் குடும்பங்கள் சாமான்களை விற்றும் கொடுத்தும் போவது இங்கே சாதாரணம். அப்படி ஒரு குடும்பம் விட்டுப்போன பெட்டிதான் இது. உள்ளே நிறைய ஆட்டக்காரர் அட்டைகள், பலன் படிக்கும் பலகைகள், ஒரு பெரிய சிவப்புப் பகடை, ஒரு சின்ன வெள்ளைப் பகடை. 1951-ல் டிக் சீட்ஸ் அமெரிக்காவில் விற்க ஆரம்பித்த ஏபிபிஏ வகை ஆட்டம். 1961-ல் ஹால் ரிச்மன் கொண்டுவந்த ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கும் இதே இனம்தான், அதில் பகடை மூன்று.

புக் கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இது உடனே பிடிபடும். சிவப்புப் பகடை பத்தாம் இடம், வெள்ளைப் பகடை ஒன்றாம் இடம், ஆக 11-லிருந்து 66 வரை 36 எண்கள். விழுந்த எண்ணுக்கு அடிப்பவரின் அட்டையில் என்ன இருக்கிறதோ அதைப் பலகையில் பார்த்துப் பலனை எழுத வேண்டும். நல்ல ஆட்டக்காரர் அட்டையில் நல்ல எண்கள் அதிகம், சுமாரானவருக்குக் குறைவு. அதனால் குருட்டு அதிர்ஷ்டம் மட்டும் இல்லை. பந்து எறியும் பிட்சருக்கு ஏ, பி, சி, டி என்று தரம் உண்டு. ஏ தரத்துக்காரர் எறிந்தால், சாதாரண பிட்சரிடம் ஹிட்டாக, அதாவது பலித்த அடியாகப் போயிருக்கும் சில எண்கள் அவுட்டாகிவிடும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் சங்கடம் முழுக்க இதிலிருந்துதான் கிளம்புகிறது.

அட்டைகளைக் கலைத்து ஆறு அணிகளாகப் பிரித்து, பழனி மலை ஊர்களின் பெயரை வைத்திருந்தார்: பூம்பாறை, தாண்டிக்குடி, மன்னவனூர், வில்பட்டி, பண்ணைக்காடு, பெருமாள்மலை. அமெரிக்காவில் பெரிய லீக் அணி ஒரு வருஷத்துக்கு 162 ஆட்டம் ஆடும். தனியாளால் அது ஆகாது என்று அணிக்கு 60 என வைத்துக்கொண்டார். ஒவ்வொரு அணியும் மற்ற ஐந்துடனும் 12 தடவை மோத வேண்டும். பொங்கல் கூட்டம் இறங்கியதும் ஆரம்பித்து, கோடை சீசனுக்கு முன்னால் பாதியை முடித்து, பிரையண்ட் பூங்கா மலர்க் கண்காட்சியெல்லாம் ஓய்ந்து பள்ளிக்கூடம் திறந்தபிறகு மீதியை ஆடுவதென்பது திட்டம். ஏப்ரல், மே மாதங்களில் அறை கேட்டும் இ-பாஸ் விசாரித்தும் வரும் போன்களுக்கு நடுவில் பகடையைத் தொட முடியாது என்பது அவருக்கே தெரியும்.

பாதி சீசன் பட்டியல்

மார்ச் கடைசியில் 90 ஆட்டங்கள் முடிந்திருந்தன. வரவேற்பு மேசைக்குப் பின்னால், சாவிப் பலகைக்குப் பக்கத்தில் அவர் ஒட்டியிருந்த தாளில் இருந்தது இது:

பூம்பாறை: 23 வெற்றி, 8 தோல்வி
தாண்டிக்குடி: 17–13, ஐந்தரை ஆட்டம் பின்தங்கி
மன்னவனூர்: 16–14, ஆறரை ஆட்டம் பின்தங்கி
வில்பட்டி: 13–16, 9 ஆட்டம் பின்தங்கி
பண்ணைக்காடு: 12–18, பத்தரை ஆட்டம் பின்தங்கி
பெருமாள்மலை: 9–21, பதிமூன்றரை ஆட்டம் பின்தங்கி

பின்தங்கிய ஆட்டக் கணக்கு தெரியாதவர்களுக்கு: வெற்றிகளின் வித்தியாசத்தையும் தோல்விகளின் வித்தியாசத்தையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். தாண்டிக்குடிக்கு வெற்றியில் 6, தோல்வியில் 5, மொத்தம் 11, பாதி ஐந்தரை. அமெரிக்க பேஸ்பாலில் வழக்கமாக டிரா கிடையாது, ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் சமனில் நின்றால் கூடுதல் இன்னிங்ஸ் போய்க்கொண்டே இருக்கும், அதனால் புள்ளி கொடுக்கும் வேலையே இல்லை.

பூம்பாறை 31 ஆட்டமும் வில்பட்டி 29-ம் ஆடியிருப்பது உடனே கண்ணில் பட்டது. ஒரு நாள் வில்பட்டிக்குப் பதிலாகப் பூம்பாறையை இறக்கிவிட்டார், அவ்வளவுதான். இரண்டாம் பாதியில் ஒரு ஆட்டத்தை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும் என்று அதை ஒதுக்கிவைத்தோம்.

பூம்பாறை அவருடைய செல்ல அணி. அம்மா வழி ஊர் அது. தாளில் அந்த ஒரு வரி மட்டும் சிவப்பு மையில் இருந்தது. அக்கா மகள் பரீட்சை விடுமுறைக்கு வந்தவள் அதைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: “மாமா, நீங்க ஆடுற அணியே ஜெயிக்குது, எதிரணிக்கும் நீங்கதானே ஆடுறீங்க?”

அவருக்கு அது பிடிக்கவில்லை. பகடைதான் ஆடுகிறது, நான் எழுதத்தான் செய்கிறேன் என்றார். அவள் நோட்டுகளைக் கேட்டாள்.

கவனித்தவை

நோட்டு என்பது நீளவாக்கு 200 பக்க நோட்டுகள், பென்சிலில். ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் கட்டம், கட்டத்துக்குள் விழுந்த பகடை எண், பக்கத்தில் பலன், ஆட்டம் ஆடிய தேதி மேலே வலது மூலையில். மேகம் உள்ளே வந்தால் இங்கே காகிதம் நமத்துவிடும் என்பதால் அட்டைகளை ஹோம்மேட் சாக்லேட் டப்பாவில் அரிசிப் பொட்டலத்தோடு வைத்திருந்தார். ஒரு பகடை கூட எழுதாமல் விட்டதில்லை. இவ்வளவு சுத்தமாக எழுதி வைத்திருந்ததால்தான் இந்த ஆய்வே நடந்தது.

முதலில் ரன் கணக்கு. பட்டியலில் அவர் எடுத்த ரன், கொடுத்த ரன் இரண்டையும் போடவே இல்லை. நெட் ரன் ரேட் இல்லாத ஐபிஎல் பட்டியல் மாதிரி இருந்தது. நோட்டிலிருந்து கூட்டி எடுத்தோம். பூம்பாறை 148 எடுத்து 121 கொடுத்திருக்கிறது. தாண்டிக்குடி 151 எடுத்து 118 கொடுத்திருக்கிறது. அதாவது ரன் வித்தியாசத்தில் இரண்டாம் இடத்து அணிதான் மேலே.

அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் பில் ஜேம்ஸ் பிரபலமாக்கிய ஒரு சூத்திரம் உண்டு. எடுத்த ரன்களின் வர்க்கத்தை, எடுத்ததன் வர்க்கமும் கொடுத்ததன் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுத்தால், அந்த அணி எந்த விகிதத்தில் ஜெயித்திருக்கலாம் என்று ஓரளவு தெரியும். அதைப் போட்டால் பூம்பாறைக்கு 31-ல் 18 அல்லது 19 வெற்றிதான் வருகிறது, தாண்டிக்குடிக்கும் 30-ல் கிட்டத்தட்ட அதே. மற்ற ஐந்து அணிகளும் கணக்குக்கு இரண்டு வெற்றிக்குள் நிற்கின்றன. பூம்பாறை மட்டும் நாலுக்கு மேல் தூக்கி நிற்கிறது.

அந்த நாலு எங்கிருந்து வந்தது என்று தேடினால், ஒரு ரன்னில் முடிந்த ஆட்டங்கள். அதில் பூம்பாறை 11–2. பதின்மூன்று தடவை காசைச் சுண்டி பதினொன்றோ அதற்கு மேலோ தலை விழ வேண்டுமென்றால் சுமார் 90-ல் ஒரு வாய்ப்பு. ஆறு அணிகளில் ஏதோ ஒன்றுக்கு இப்படி அமைவது அவ்வளவு அபூர்வம் இல்லை என்று அவளே சொன்னாள். ஆனால் அப்படி அமைந்த அணி சிவப்பு மை அணியாகவே இருப்பதுதான் அவளை விடவில்லை.

பகடையைச் சந்தேகப்பட்டோம். நோட்டில்தான் எல்லா எண்ணும் இருக்கிறதே, எண்ணிப் பார்த்தோம். இரண்டு பகடையிலும் ஒரு குறையும் இல்லை. புத்தக ஓரத்தில் சாய்ந்து நின்றால் திரும்பப் போடும் பழக்கம் எல்லா அணிக்கும் ஒன்றாகவே இருந்தது.

பிட்சர் பக்கம் போனதும்தான் விஷயம் வந்தது. பூம்பாறையில் ஏ தரத்தில் ஒரு தொடக்கப் பிட்சர், அதாவது ஆட்டத்தை முதலிலிருந்து எறிபவர், இருக்கிறார். நிஜ பேஸ்பாலில் ஐந்து பேர் முறை வைத்து எறிவார்கள், ஒருவர் எறிந்தால் நாலு நாள் ஓய்வு; அந்தக் கணக்கில் 31 ஆட்டத்தில் அவர் ஆறோ ஏழோதான் தொடங்க வேண்டும். நோட்டில் 11 இருந்தது. அதில் 10–1.

லீக்கை நடத்துகிறவர் விதியை மீறினாரா என்றால், இல்லை. நாலு நாள் ஓய்வை எல்லா அணிக்கும் ஒரே மாதிரி கடைப்பிடித்திருக்கிறார், தேதி பார்த்து. பிரச்சினை அந்தத் தேதிதான். லீக்குக்கென்று தனி நாட்காட்டி இல்லை. சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரை வைத்தே ஓய்வை எண்ணியிருக்கிறார். மற்ற அணிகள் ஒன்றோடொன்று மோதும் ஆட்டங்களை, விருந்தினர் இல்லாத இரவுகளில் மூன்று மூன்றாகத் தள்ளி முடித்துவிடுவார். பூம்பாறை ஆட்டத்தை அப்படி வீணாக்க மனசு வராது. அதைத் தனி இரவில், காபி போட்டுக்கொண்டு, நிதானமாக ஆடுவார். விளைவு என்ன? பெருமாள்மலை ஒரே இரவில் மூன்று ஆட்டம் ஆடி மூன்று பிட்சரைத் தீர்த்துவிட்டு மறுநாள் பூம்பாறைக்கு எதிராக நாலாவது ஆளைக் கொண்டுவருகிறது, பூம்பாறையோ இரண்டு மூன்று நாளுக்கு ஒரு ஆட்டம்தான் ஆடுகிறது என்பதால் பாதி நேரம் தன் முதல் பிட்சரே ஓய்வெடுத்துத் தயாராக நிற்கிறார். கடைசி இன்னிங்ஸில் வந்து ஆட்டத்தை முடித்துக்கொடுக்கும் ரிலீவர் கதையும் இதேதான்: அந்த 13 ஒரு ரன் ஆட்டங்களில் 12-ல் அவர் வந்திருக்கிறார்.

இன்னொன்றும் இருந்தது, சொல்லப்போனால் இதுதான் எனக்குச் சுவாரசியமானது. அதே 13 ஆட்டங்களில் ஏழாவது இன்னிங்ஸுக்குமேல், அடிக்க வேண்டியவருக்குப் பதிலாக வேறு நல்ல அடிகாரரை, அதாவது பிஞ்ச் ஹிட்டரை, பூம்பாறை 19 தடவை இறக்கியிருக்கிறது. எதிரணிகள் எல்லாம் சேர்ந்து 5 தடவை. ஒரு பக்கத்தில் பூம்பாறை பின்தங்கியிருந்த எட்டாவது இன்னிங்ஸ்; கட்டத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் மூன்று பெயர் எழுதி, இரண்டை அடித்து, ஒன்றைச் சுழித்திருக்கிறார். யோசித்திருக்கிறார். அடுத்த பக்கத்தில் வில்பட்டிக்கு அதே நிலை, அதே ஒரு ரன், இரண்டாவது பேஸில், அதாவது ரன்னுக்கு ஓடும் வழியில் பாதி தூரத்தில், ஆள் நிற்கிறது, அடிக்க வந்தது அவர்களுடைய பிட்சரே; பிட்சர்கள் பொதுவாகச் சுமாராகத்தான் அடிப்பார்கள். பகடை 24, அவுட், அடுத்த கட்டம். ஒரு யோசனையும் இல்லை.

அதைக் காட்டியபோது அவர் கொஞ்ச நேரம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “வில்பட்டியில வெளியில உட்கார்ந்திருந்தவன் நல்ல அடிகாரன்தான்” என்றார்.

என்ன முடிவு, ஏன்

மூன்று யோசனைகள் மேசைக்கு வந்தன. 90 ஆட்டத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆடுவது. ஒரு ரன் ஆட்டங்களை மட்டும் திரும்ப ஆடுவது. பட்டியலை அப்படியே வைத்துக்கொண்டு விதியை மட்டும் மாற்றுவது.

அவள் முதலாவதைத்தான் கேட்டாள். அவள் வாதத்தில் நியாயம் இருந்தது: அடித்தளமே சாய்ந்திருக்கும்போது மேலே கட்டுவானேன். இரண்டாவது யோசனையை அவளே தள்ளினாள், ஏனென்றால் பெரும்பாலும் ஜெயித்த ஆட்டங்களையே திரும்ப ஆடினால் வெற்றி குறையத்தான் வாய்ப்பு அதிகம், அது இன்னொரு பக்கச் சாய்வு. அதிகப்படியான நாலு வெற்றி எவை என்று விரல் வைத்துக் காட்டவும் முடியாது.

அவர் மூன்றாவதில் பிடிவாதமாக நின்றார். தனியாளாக நடத்தும் லீக்கில் நடுவர் கிடையாது, கேட்க ஆளும் கிடையாது, நோட்டில் எழுதியது நடந்தது என்ற ஒன்றுதான் அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு நியாயத்துக்காக அழித்தால் நாளைக்குப் பிடிக்காததற்காக அழிக்கத் தோன்றும் என்றார். நான் அவர் பக்கம்தான். விதி எல்லோருக்கும் ஒன்றாகத்தான் இருந்தது, அதைப் பொருத்திய விதத்தில்தான் ஓட்டை. தவிர, இரண்டரை மாத இரவுகள் அவை; ஒரு பொழுதுபோக்கில் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அப்படியானால் முதல் பாதிப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, கீழே காரணம் எழுதுங்கள் என்று அவள் கேட்டாள். அதற்கும் அவர் அப்போது பதில் சொல்லவில்லை.

விதி மாற்றங்கள் இவை. லீக்குக்குத் தனி நாள் கணக்கு: ஒரு லீக் நாள் என்றால் ஆறு அணிகளும் ஆளுக்கொரு ஆட்டம், மொத்தம் மூன்று, மூன்றும் முடிந்தால்தான் அடுத்த நாள். நிஜத்தில் அதற்கு ஒரு இரவு ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம், பிட்சருக்கு ஓய்வு லீக் நாளில் மட்டுமே எண்ணப்படும். இதைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைக்க அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். விடுதியில் சும்மா கிடந்த பழைய சாவிப் பலகையை எடுத்து, அணிக்கு ஒரு வரிசை, வரிசைக்கு ஐந்து கொக்கி என்று வைத்துக்கொண்டார். எறிந்த பிட்சரின் பெயர்ச் சீட்டு கடைசிக் கொக்கிக்குப் போகும், ஒவ்வொரு லீக் நாளும் ஒரு கொக்கி முன்னால் நகரும், முதல் கொக்கிக்கு வந்தால்தான் தொடங்கலாம். ரிலீவர் இரண்டு நாள் தொடர்ந்து வந்தால் மூன்றாம் நாள் கிடையாது.

பிஞ்ச் ஹிட்டருக்கு ஒரு தாள் எழுதினார்கள். ஏழாவது இன்னிங்ஸுக்குமேல் இரண்டு ரன்னுக்குள் வித்தியாசம் இருந்து, பின்தங்கிய அணியின் பிட்சர் அடிக்க வந்தால், வெளியில் இருப்பவர்களில் முன்கூட்டியே எழுதிவைத்த வரிசைப்படி முதல் ஆள் வர வேண்டும். எந்த அணியானாலும் சரி. யோசிக்க இடமில்லை. இதில் ஆட்டத்தின் ருசி கொஞ்சம் போகும் என்று எனக்குப் பட்டது, சொன்னேன், ஆனால் ஒரே ஆள் இரண்டு பக்கமும் சமமாக யோசிப்பார் என்று நம்புவதைவிட இது பரவாயில்லை என்று விட்டுவிட்டோம்.

இரண்டாம் பாதி

ஜூனில் மறுபடி ஆரம்பித்து, சாரலும் காற்றும் இருந்த மாதங்களில் மளமளவென்று போய்விட்டது. வில்பட்டியின் விட்டுப்போன ஆட்டமும் ஈடுகட்டப்பட்டது. இரண்டாம் பாதியை மட்டும் எடுத்தால் தாண்டிக்குடி 19–11, வில்பட்டி 16–15, பூம்பாறை 15–14, மன்னவனூரும் பண்ணைக்காடும் 14–16, பெருமாள்மலை 12–18. ஒரு ரன் ஆட்டங்களில் பூம்பாறை 5–6. ஏ தரத்துப் பிட்சர் 6 ஆட்டம் தொடங்கினார்.

ஆனாலும் கோப்பை பூம்பாறைக்குத்தான். மொத்தம் 38–22, தாண்டிக்குடி 36–24, இரண்டு ஆட்ட வித்தியாசம். முதல் பாதியில் கூடுதலாக வந்த நாலு வெற்றியில் இரண்டு இல்லாமல் போயிருந்தாலே சமன்.

விதி மாற்றியதால்தான் பூம்பாறை இறங்கியது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சமபலமுள்ள அணியே 30 ஆட்டத்தில் 12 முதல் 18 வரை எங்கே நின்றாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 11–2 என்று ஓடியது எந்த விதியும் மாறாமலேயே பாதிக்குப் பாதி என்ற பக்கம் வந்திருக்கும். பிட்சர் முறை எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்று இவ்வளவு குறைந்த ஆட்டத்தில் பிரிக்க வழியில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு: இரண்டாம் பாதியில் பூம்பாறையோடு மோதியபோது பெருமாள்மலை தன் முதல் பிட்சரைக் கொண்டுவர முடிந்தது, முதல் பாதியில் அது ஒரு தடவைகூட நடக்கவில்லை.

எதிர்பாராத ஒன்று, அவருக்குத் தாண்டிக்குடி மேல் ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது. கட்டாயத்துக்காக எல்லா அணியின் வெளியாட்களையும் வரிசைப்படுத்தி எழுதியதில், பெயரே கவனிக்காமல் விட்ட ஆட்டக்காரர்களெல்லாம் பழக்கமாகிவிட்டார்கள். செப்டம்பரில் போனபோது தாண்டிக்குடியின் மாற்று ஆள் ஒருவர் எட்டாவது இன்னிங்ஸில் அடித்த ஹோம் ரன்னைப் பற்றிக் காபி ஆறும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அது பூம்பாறையைத் தோற்கடித்த அடி.

அடுத்த லீக்கில் மாறுவது

ரன் எடுத்ததும் கொடுத்ததும் முதல் நாளிலிருந்தே பட்டியலில் இருக்கும், ஒரு ரன் ஆட்டக் கணக்குக்கும் தனிப் பத்தி. பட்டியலைப் பாதியில் அல்ல, கால் பங்கிலேயே, அதாவது அணிக்கு 15 ஆட்டம் முடிந்ததும் ஒரு தடவை நோண்டிப் பார்ப்பது என்று முடிவு. 30 ஆட்டம் வரை காத்திருந்ததால்தான் அழிப்பதா வேண்டாமா என்ற சண்டையே வந்தது. 15-ல் கண்டுபிடித்திருந்தால் அழிப்பது இவ்வளவு வலித்திருக்காது.

பிஞ்ச் ஹிட்டர் தாளைக் கொஞ்சம் தளர்த்துகிறார்கள். இரண்டு அணிக்கும் சேர்த்து ஒரு ஆட்டத்துக்கு இரண்டு சுதந்திர முடிவு, ஒரு அணி ஒன்றைப் பயன்படுத்தினால் மற்றதுக்கும் ஒன்று பாக்கி இருக்க வேண்டும். இது வேலை செய்யுமா என்று ஆடித்தான் பார்க்க வேண்டும், எனக்குச் சந்தேகம்தான்.

அணிகள் புதிதாகக் கலைக்கப்பட்டுவிட்டன. சீட்டு எடுத்தவள் அக்கா மகள். ஏ தரத்துப் பிட்சர் பண்ணைக்காட்டுக்குப் போயிருக்கிறார். நட்சத்திரக் குறி மட்டும் இன்னும் போடப்படவில்லை, அவள் ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்கிறாள், அவர் பேச்சை மாற்றுகிறார்.